சோற்றுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது?

உத்திரமேரூர் வட்டாரத்தில் நான்கு பேர் உள்ள ஒரு குடும்பத்துக்கு ரேஷன் கடையில் மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதே அட்டைக்குத் துவரம்பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர். அந்தப் பருப்பை முப்பது நாளுக்கும் நான்கு பேருக்கும் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம் சொச்சம் வரும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கிலோகலோரி தேவைப்படும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகை வேண்டும் என்கிறது. முட்டை, மீன், கறி சாப்பிடுபவர்கள் பருப்பில் ஒரு பகுதியை அவற்றால் ஈடுகட்டிக்கொள்ளலாம். வழிகாட்டியின் விகிதம் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. ரேஷன் பையின் விகிதம் இருபதுக்கு ஒன்று. மிச்சத்தைக் கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். கூலி வேலை இல்லாத மாதத்தில் முதலில் குறைவது அந்தப் பருப்புதான்.

நல்ல உணவு எது என்ற பேச்சு நம்மிடையே ஓயாமல் நடக்கிறது. சைவமா அசைவமா, அரிசியா கேழ்வரகா, சோறா சப்பாத்தியா, பேலியோ சரியா தவறா என்று வீட்டுத் திண்ணை முதல் வாட்ஸ்அப் வரை வாதம் உண்டு. காஞ்சிபுரம் மாவட்டத்தின் கிராமங்களை வைத்துப் பார்த்தால் இந்த வாதங்களில் பெரும்பாலானவை இடம் மாறி நடக்கின்றன என்றே எனக்குப் படுகிறது. சைவர் தட்டிலும் அசைவர் தட்டிலும் குறை ஒன்றுதான்: நடுவில் சோறு மலையாக இருக்கிறது, பக்கத்தில் இருக்க வேண்டியவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பக்கத்தை எப்படி நிரப்புவது என்பது மட்டுமே ஒவ்வொரு உணவுப் பழக்கத்துக்கும் வேறுபடும்.

இந்தக் குறையைச் சொன்ன முதல் ஆள் இன்றைய மருத்துவர் அல்லர். 1918இல் குன்னூரில் பெரிபெரி நோயை ஆராய ஒரு சிறிய கூடம் தொடங்கியது. அதை நடத்தியவர் ராபர்ட் மெக்கரிசன். அந்தக் கூடம்தான் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்கு மாறி இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. மெக்கரிசன் இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவில் வளர்ந்த எலிகள் முதலிடத்தில் நின்றன. தீட்டிய அரிசி நிறைய, பருப்பும் காய்கறியும் கொஞ்சம் என்றிருந்த மதராஸ் உணவில் வளர்ந்தவை கடைசியில் நின்றன. எலிக்கும் மனிதருக்கும் வேறுபாடு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் நூறாண்டுக்கு முன் அவர் சுட்டிய அதே இடம் இன்னும் காலியாகவே இருப்பது வருத்தத்துக்குரியது.

அரிசியைக் குற்றவாளியாக்கவும் கூடாது. உத்திரமேரூர் பெயர் பெற்றது பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளால். அந்தக் கல்வெட்டுகளிலேயே ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் பேசப்படுகின்றன. வைரமேக தடாகம் என்ற பெரிய ஏரியும் சுற்றியுள்ள சின்ன ஏரிகளும் நெல்லை இந்த மண்ணின் பயிராக்கின. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் மூன்று பட்டம் நெல் நடும் பகுதி இது. இங்கே சாப்பிடுவது பெரும்பாலும் புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்கள் அரிசியின் உள்ளே இறங்குகின்றன. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. சென்னை மாகாணத்தில் பச்சரிசி தின்ற, வடசர்க்கார் எனப்பட்ட ஆந்திரக் கரையோரங்களில் பெரிபெரி வாட்டியபோது புழுங்கல் அரிசிப் பகுதிகள் பெருமளவு தப்பியதற்குக் காரணம் இதுவே. நம் பாட்டிமார் வடிகஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடிக்கக் கொடுத்ததிலும் பயன் இருந்தது. வடிக்கும்போது கரைந்து போகும் சத்தில் ஒரு பகுதி அதில் திரும்பி வந்தது.

மாறியது அரிசியின் கூட்டாளிகள். மானாவாரி மேட்டு நிலங்களில் கேழ்வரகும் கம்பும் வேர்க்கடலையும் விளைந்த காலத்தில் ஒரு வேளை களி அல்லது கூழ், ஒரு வேளை சோறு என்று நாள் ஓடியது. களிக்குக் கீரைக் கடைசலோ கருவாட்டுக் குழம்போ இல்லாமல் வேலை நடக்காது. வெறும் களி தொண்டையில் இறங்காது என்பதால் பக்கத் துணை தானாக வந்து சேர்ந்தது. இன்று கேழ்வரகுக் கூழ் ஆடி மாதத்து மாரியம்மன் கோயில் வாசலில்தான் அண்டா அண்டாவாக ஊற்றப்படுகிறது. நொய் சேர்த்துக் காய்ச்சிய கூழ், மோர், சின்ன வெங்காயம், முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு: கால்சியம், இரும்பு, புரதம் எல்லாம் ஓரளவு உள்ள ஒரு முழு உணவு அது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. வேறெந்தத் தானியமும் அதன் அருகில் வராது. இதை ஆடியோடு நிறுத்திக்கொள்ள எந்தச் சாமியும் சொல்லவில்லை.

ஒரு சாதாரண மதியத் தட்டைக் கிட்டே பார்ப்போம். வயல் வேலை முடித்து வந்தவர் முன்னால் எவர்சில்வர் தட்டு. நடுவில் இரண்டு கரண்டி அல்ல, நான்கு கரண்டி சோறு. மேலே புளிக்குழம்பு, அதில் இரண்டு கத்தரிக்காய்த் துண்டு. ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல் ஒரு பிடி, அல்லது ஓர் அப்பளம். இரண்டாம் முறை சோறு, ரசம். மூன்றாம் முறை சோறு, தண்ணீர் போல் கரைத்த மோர், ஊறுகாய். வயிறு நிறைந்துவிட்டது. மூன்று முறை பரிமாறியதிலும் மாவுச்சத்துக்கு மேல் மாவுச்சத்தே வந்தது. உருளைக்கிழங்கும் அதே கணக்கில்தான் சேரும். நாள் முழுவதுக்கும் 400 கிராம் அரிசி சாப்பிடும் ஒருவருக்கு அதிலிருந்து சுமார் 1,400 கிலோகலோரியும் 30 கிராம் புரதமும் கிடைக்கும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாளொன்றுக்கு 54 கிராம், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம் புரதம் தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. அந்த இடைவெளி பெரிதல்ல. 50 கிராம் பருப்பு கெட்டியாக வேகவைத்த குழம்பில் 11 கிராம் வந்துவிடும். ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் ஏழு, ஒரு கிண்ணம் தயிரில் ஐந்து. இவை மூன்றும் உத்திரமேரூர் சந்தையில் கிடைப்பவை.

புரதத்தின் அளவோடு அதன் தரமும் இதில் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைய. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே நாளில் வயிற்றுக்குள் போனால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கிறது. பொங்கலும் இட்லி சாம்பாரும் இந்தக் காரணத்தால் உயர்ந்த உணவுகள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியில் மிளகு, சீரகம், சுக்கோடு உளுந்தும் தாராளமாகச் சேரும். நம் வீட்டுக் கிரைண்டரில் நான்குக்கு ஒன்று என்றும், சிக்கனம் பார்த்து ஐந்துக்கு ஒன்று என்றும் உளுந்து சுருங்கிவிட்டது.

இந்தச் சோற்று மலையின் விலை எங்கே தெரிகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தின் சுகர், பிரஷர் வரிசையில். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 சதவீதம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள். மாத்திரை வீட்டுக்கு வந்த அளவுக்கு உணவு பற்றிய சரியான பேச்சு வரவில்லை. "சுகர் வந்துருச்சு, ராத்திரிக்குச் சோத்த விட்டுட்டேன், சப்பாத்திதான்" என்று பலர் நிம்மதியாகச் சொல்கிறார்கள். நான்கு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சோற்றைவிடக் குறைந்த மாவுச்சத்து அல்ல. கேழ்வரகுக் கஞ்சியும் அப்படியே: மாவாக அரைத்து நீர்க்கக் காய்ச்சினால் சர்க்கரை விறுவிறுவென ஏறும். அதே ஆய்வுக் குழுவினர் 2025இல் வெளியிட்ட உணவு ஆய்வில், இந்தியர்களின் சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று கண்டார்கள். அரிசியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோதுமையையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் மட்டும் ஆபத்து குறைவதில்லை, மொத்த மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால் போன்றவற்றின் புரதம் வர வேண்டும் என்பது அதன் சாரம். தேசிய வழிகாட்டியும் தானியத்திலிருந்து வரும் சக்தி 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்கிறது. சோறு பிடித்தவர் சோற்றையே சாப்பிடட்டும். ஆனால் முதலில் காயும் பருப்பும் தட்டில் விழட்டும், சோறு ஒரு முறையோடு நிற்கட்டும்.

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் 2024இல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, எந்த நாட்டு உணவானாலும் நல்ல உணவுக்கு நான்கு அடிப்படை சொல்கிறது: போதுமானதாக இருக்க வேண்டும், சத்துகளுக்குள் சமநிலை வேண்டும், கெடுதல் செய்பவை அளவோடு இருக்க வேண்டும், பலவகையாக இருக்க வேண்டும். சைவம் அசைவம் என்ற பிரிவு இதில் எங்கும் இல்லை. எந்த உணவுப் பழக்கத்தோடும் இந்த நான்கையும் நிறைவேற்ற முடியும். ஆனால் ஒவ்வொரு பழக்கத்திலும் தனித்தனி ஓட்டை உண்டு. அவரவர் ஓட்டையை அவரவர் அறிந்திருக்க வேண்டும்.

சைவ உணவுக்காரரின் ஓட்டை பி12 வைட்டமின். அது பால், தயிர், முட்டை, மீன், கறி ஆகிய விலங்கு வழி உணவில்தான் இயற்கையாக இருக்கிறது. இட்லி மாவு புளிப்பதால் தேவையான பி12 கிடைத்துவிடும் என்பது நம்பத் தகுந்ததல்ல. நாள்தோறும் பாலும் தயிரும் சாப்பிடும் சைவர் ஓரளவு தப்பிப்பார். பாலை முழுக்கச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, டீக்கு மட்டும் கால் லிட்டர் வைத்துக்கொள்ளும் வீட்டில் அதுவும் இல்லை. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 உறிஞ்சப்படுவது குறையும். சைவமாகவும் இருந்து அந்த மாத்திரையும் எடுப்பவர் கை கால் மரத்துப்போனால் எல்லாவற்றையும் சர்க்கரையின் தலையில் போடாமல், பி12 அளவைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேட்க வேண்டும். பாலும் தவிர்க்கும் முழுத் தாவர உணவுக்காரருக்கு மாத்திரையைத் தவிர நம்பகமான வழி குறைவு. காஞ்சிபுரம் திருப்பருத்திக்குன்றத்திலும் வந்தவாசிப் பக்கத்திலும் வாழும் தமிழ்ச் சமணர்கள் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறார்கள். பலர் கிழங்குகளைத் தவிர்க்கிறார்கள். இரவு பத்து மணிக்குத் தொலைக்காட்சி முன் சாப்பிடும் பழக்கத்தைவிட இது உடம்புக்கு நல்லது. கிழங்குகள் இல்லாததால் அவர்களுக்கு இழப்பு எதுவும் இல்லை, பயறும் கீரையும் பாலும் இருக்கும் வரை.

அசைவர் என்று நாம் சொல்லும் பெரும்பான்மையினரின் நிலை வேறு. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுபவர்கள். ஆனால் உத்திரமேரூர் கிராமத்தில் கறி எடுப்பது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் முதல் சனி வரை அவர் சைவரைப் போலத்தான் சாப்பிடுகிறார். அதுவும் "கறி சாப்பிடுறோமே" என்ற நம்பிக்கையில் பருப்பையும் தயிரையும் பெரிதாக எண்ணாத சைவராக. புரட்டாசி வந்தால், மேல்மருவத்தூருக்கோ சபரிமலைக்கோ மாலை போட்டால், ஞாயிற்றுக்கிழமைக் கறியும் மீனும் முட்டையும் ஒரே நாளில் நின்றுபோகும். அந்த இடத்தில் எதுவும் வந்து சேர்வதில்லை. கூடுதல் சோறும் வடையும்தான் வரும். விரதம் இருக்கும் மாதத்தில்தான் சுண்டலும் பயறும் இரட்டிப்பாக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அரைக் கிலோ கோழியை ஒரே மூச்சில் சாப்பிடுவதைவிட வாரம் முழுதும் நாளொரு முட்டை மலிவு, வயிற்றுக்கும் இதம்.

ஏரி மீன் இந்தப் பகுதியின் கொடை. ஏரி வற்றும் நாட்களில் கெண்டை, விரால், கெளுத்தி, ஜிலேபி எல்லாம் கரையிலேயே விற்பனையாகும். அதைக் குழம்பாக வைப்பதற்கும், மாவில் புரட்டிக் கறுத்துப்போன எண்ணெயில் பொரிப்பதற்கும் வேறுபாடு பெரிது. கருவாடு புரதம் செறிந்தது, மலிவானது. ஆனால் உப்பு ஊறியது. ஒரு நாளைக்கு ஐந்து கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கருவாட்டுக் குழம்பு, ஊறுகாய், அப்பளம் மூன்றும் ஒரே வேளையில் சேர்ந்தால் அந்த அளவு எங்கேயோ போய்விடும். பிரஷர் உள்ளவர் கருவாட்டை வெந்நீரில் நன்றாக அலசிவிட்டு, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் சமைக்கலாம். வயல் நண்டு, நத்தை, வயல் எலி என்று இருளர் குடும்பங்கள் உண்பவற்றைப் பிறர் முகம் சுளித்துப் பேசுவது அறியாமை. நத்தையும் நண்டும் புரதமும் தாதுச் சத்தும் மிக்கவை. வயலில் பூச்சிமருந்து அடிக்கும் நாட்களில் அவை நஞ்சாகும் என்பதே அவர்களோடு பேச வேண்டிய விஷயம்.

ரமலான் மாதத்து நோன்புக் கஞ்சியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அரிசி, பயத்தம்பருப்பு, வெந்தயம், காய், சில நேரம் கொத்துக்கறி என்று கலந்து காய்ச்சும் அது, நாள் முழுதும் பட்டினி இருந்த வயிற்றுக்கு ஏற்றது. பக்கத்தில் வரும் சமோசாவும் ரோஜா நிறச் சர்பத்தும்தான் அளவு பார்க்க வேண்டியவை. சர்க்கரை மாத்திரை எடுப்பவர் நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சில மாத்திரைகள் வெறும் வயிற்றில் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

எந்த உணவுப் பழக்கத்திலும் முதலில் இழப்பவர் பெண். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை உடையவர்கள். இரண்டும் ஒரே வீட்டில், சில நேரம் ஒரே உடம்பில் இருக்கின்றன. சோறு குறைவில்லை, சோற்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியவை குறைவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கணவர், பிள்ளைகள், மாமனார் எல்லாம் சாப்பிட்ட பிறகு அடிச்சட்டியைத் துழாவிச் சாப்பிடுபவருக்கு மீன் துண்டோ கெட்டிப் பருப்போ மிஞ்சுவதில்லை. பிரசவித்த பெண்ணுக்குப் பத்தியம் என்று கீரையையும் பழத்தையும் தயிரையும் விலக்கும் வீடுகள் இன்னும் உண்டு. பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் தருவது நல்லதே, மற்றதை நிறுத்துவதுதான் தவறு. இரும்புச்சத்துக்கு முருங்கைக்கீரையும் பயறும் உதவும், ஆனால் தாவர இரும்பு உடம்பில் சேருவது கடினம். நெல்லிக்காயோ எலுமிச்சையோ கூடச் சேர்ந்தால் கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். வயலில் களையெடுக்கும் பெண்கள் பசியை அடக்க நாளில் பலமுறை டீயும் பன்னும் என்று ஓட்டுகிறார்கள். டீயைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிவைத்தாலே பலன் தெரியும். ரேஷன் அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கப்பட்ட செறிவூட்டிய அரிசி மணிகளில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12உம் இருந்தன. கழுவும்போது மிதந்த அந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிந்த பெண்களுக்குக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறும் இளம் பெண்களும் ஆண்களும் இன்று இந்த வட்டாரத்தின் புதிய உழைப்பாளிகள். ஷிப்டு மாறும்போது சாப்பாட்டு நேரமும் மாறுகிறது. இரவு ஷிப்டில் பப்ஸ், பிஸ்கட், குளிர்பானம். 2021 டிசம்பரில் தொழிற்சாலைப் பெண்கள் தங்கிய விடுதி ஒன்றில் கெட்ட உணவால் நூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்று, தோழிகள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து போராடினார்கள். சுத்தமான சாப்பாடு என்பது எல்லா அடிப்படைக்கும் முந்தியது என்று அந்தப் பெண்கள் சொன்னதை மறந்துவிடக் கூடாது.

பொதுவான விதிகள் பொருந்தாதவர்களும் இருக்கிறார்கள். சிறுநீரகம் பழுதானவருக்குக் கூடுதல் பருப்பும் கீரையும் வாழைப்பழமும் தீங்கு செய்யலாம். அவர் புரதத்தையும் பொட்டாசியத்தையும் மருத்துவர் சொன்ன அளவுக்குள் வைக்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் முருங்கைக்கீரைச் சாறு குடி என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவது அன்பு ஆகாது.

பிள்ளைகள் விஷயத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே வழிகாட்டியது. 1956இல் காமராஜரின் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 1989இல் கருணாநிதி காலத்தில் தட்டில் வந்த முட்டை, 2022இல் தொடங்கிய காலை உணவு என்று ஒவ்வொரு ஆட்சியும் ஒன்றைச் சேர்த்தது. பள்ளி நாட்களில் கிடைக்கும் முட்டை, உத்திரமேரூர் பக்கத்துப் பல பிள்ளைகளுக்கு அன்றைய நாளின் மிகச் சிறந்த உணவு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரப்படுகிறது. இதில்தான் எனக்கு உடன்பாடில்லை. முட்டையில் ஆறு கிராம் புரதம். வாழைப்பழத்தில் ஒரு கிராம். சைவக் குடும்பத்துப் பிள்ளையின் நம்பிக்கையை மதிப்பது சரி, அதற்காக அந்தப் பிள்ளை ஐந்து கிராம் புரதத்தை நாள்தோறும் இழக்க வேண்டியதில்லை. செய்யாறு, வந்தவாசிப் பக்கம் விளையும் வேர்க்கடலை ஒரு கைப்பிடி, உப்புக் குறைத்து வேகவைத்து, வாழைப்பழத்தோடு சேர்த்துக் கொடுக்கலாம். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத அரிய பிள்ளைக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல். சத்துணவுக் கூடத்தில் ஏற்கெனவே சுண்டல் வேகவைக்கத் தெரிந்த கைகள் இருக்கின்றன. ரேஷன் கடையில் மாதம் ஒரு கிலோவாக நிற்கும் பருப்பை இரண்டாக்கி, கூடவே பயறு வகை ஒன்றைத் தருவது செலவான காரியம். சத்துணவில் இந்த மாற்றம் அவ்வளவு செலவு இல்லாதது, அடுத்த கல்வியாண்டே செய்ய முடிந்தது.